கட்டம் சாரின் வயிற்றெரிச்சல்

தனக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது என்று கட்டம் சார் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதில் பொய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது கூடவே நின்று, ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று யோசனை சொன்னார். கூடப் படித்தவன் புதுக் காரைக் கொண்டுவந்து காட்டியபோது ஒரு சுற்று ஏறிப் போய்விட்டு, "நல்லா இருடா" என்று மனதாரச் சொல்லி இறங்கினார். ஐம்பத்தாறு வயது வரை இப்படிப் படாமல் விட்ட பொறாமை அத்தனையையும் ஒரே மாதத்தில் பட்டுத் தீர்த்தார். அதுவும் யார் மேல் என்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஒரு பெண்மணி மேல்.

சாருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதலாளி முன்னறையில் உட்கார்ந்து கண் பரிசோதிப்பார். சார் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ப்ரேமில் பொருத்துவார். பின்னறை என்றால் ஒரு மேஜை, தேய்க்கிற மெஷின், ப்ரேமுக்குச் சூடு காட்டி வளைக்க ஒரு சின்ன ஹீட்டர், எழுந்தால் தலையில் இடிக்கிற ஒரு விளக்கு, அவ்வளவுதான். முப்பது வருஷமாக அந்த விளக்கில் இடித்துக்கொண்டும் அவர் அதை உயர்த்திக் கட்டவில்லை. எதிரே வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கண்ணாடி மூக்கில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

'கட்டம்' என்ற பெயர் அவருக்கு இன்னொரு வேலையால் வந்தது. ஊரில் வருகிற வாரப் பத்திரிகையின் கடைசிக்கு முந்தின பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிர் வருகிறதே, அதை இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறவர் அவர்தான். புதிருக்குக் கீழே 'கட்டம்' என்று அச்சாகும். பெற்றோர் வைத்த பெயரை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலைமைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

புதிர் போடுவது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. இடமிருந்து வலம் போகிற சொல்லும் மேலிருந்து கீழ் இறங்குகிற சொல்லும் ஒரே எழுத்தில் கைகுலுக்க வேண்டும். நம் மொழியில் புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஒரு சொல் 'ம்' என்று முடிந்தால் அந்தக் கட்டத்திலிருந்து கீழே இறங்க வழி கிடையாது. அந்த மாதிரி மூலைகளுக்கு சார் 'முட்டுச்சந்து' என்று பெயர் வைத்திருந்தார். அவர் கட்டத்தில் முட்டுச்சந்தே இருக்காது. கறுப்புக் கட்டங்கள் மேலே எப்படியோ கீழேயும் அப்படியே பொருந்தி நிற்கும். குறிப்புகள் அகராதியைப் போல நிமிர்ந்து நிற்கும். 'மலையிலிருந்து விழும் நீர் (3)' என்று கேட்பார். 'அருவி' என்று எழுத வேண்டும். எழுதலாம், சரியாக இருக்கும், சிரிப்பு மட்டும் வராது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் புதிரில் ஒரு பிழை கூட வந்ததில்லை. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் அவர் மனைவிக்குச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அவள் பென்சிலோடு உட்காருவாள். சார் அந்த வாரத்துப் புதிரை எதிரே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார். அடுப்பைத் துடைக்கிறேன் என்று பேர். உண்மையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். உலகத்தில் அவர் புதிரை முதலில் பார்க்கிற ஆள் அவள். முடித்துவிட்டு, "பதினொண்ணுல எண்ணிக்கை தப்பு. அஞ்சு இல்ல, நாலு" என்பாள். அது போதாது சாருக்கு. எப்போதாவது, வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை, அவள் மூக்கு வழியாக "ம்ஹும்" என்று ஒரு சின்னச் சிரிப்பு விடுவாள். அந்த ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு சார் வாரம் முழுக்க மிதப்பில் திரிவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலை. நோயாளிகளின் பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது. அன்று அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சாருக்குக் கடைச் சாவி அகப்படவில்லை.

"என் கைப்பையில இருக்கும், எடுத்துக்குங்க" என்று குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

சாவி இருந்தது. சாவிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தது. வேறு எந்தக் கணவனாவது அதைக் கண்டிருந்தால் திரும்ப வைத்துவிட்டுப் போயிருப்பான். சாருக்குக் காகிதத்தின் மடிப்புக்கு வெளியே தெரிந்த ஒரு சின்னக் கறுப்புச் சதுரமே போதுமானதாக இருந்தது. பிரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டம். ஊதா மையில் அறிமுகமில்லாத கையெழுத்து. இன்னும் யாரும் நிரப்பவில்லை. அடியில் ஒரு வரி: 'அக்கா, எப்பவும் போல நீங்கதான் முதல் ஆள். நீங்க பார்த்த பிறகுதான் போர்டுல ஒட்டுவேன்.'

எப்பவும் போல! சார் அந்த இரண்டு சொல்லை மறுபடி படித்தார். காதல் கடிதமாக இருந்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டுவிட்டு ஆறியிருப்பார். இது அதைவிட மோசம். குளியலறைத் தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, காகிதத்தை அதே மடிப்பில் மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். தெருமுனை திரும்பியதும்தான் சாவியை எடுக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. திரும்பப் போனார்.

"என்னங்க, சாவிக்குத்தானே பையைத் திறந்தீங்க?" என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே.

"மறந்துட்டேன்" என்று மென்று விழுங்கினார்.

அன்று மத்தியானம் பின்னறையில் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, லென்ஸ் ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் கட்டத்தை அப்படியே பெயர்த்து எழுதினார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரே வெறி. குறைக்குப் பஞ்சமே இல்லை. கறுப்புக் கட்டங்கள் கண்ட இடத்தில் கிடந்தன. நாலு முட்டுச்சந்து. 'இரவில் வானத்தில் தெரிவது (3)' என்றெல்லாம் குறிப்பு. சாருக்கு உற்சாகம் பிறந்தது. 'இந்த லட்சணத்துக்கு ஒரு முதல் ஆள் வேறயா' என்று வாய்விட்டே சொன்னார். அப்புறம் இடமிருந்து வலம் ஏழாவதுக்கு வந்தார்.

'உள்ளே மழை இருந்தும் துணி நனையவில்லை (4).'

குடையா? நாலெழுத்து இல்லை. கூரையா? துணிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்? பத்து நிமிஷம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு பளிச்சென்று விடை வந்தது: அலமாரி! அலமாரிக்குள் 'மாரி' இருக்கிறது, மாரி என்றால் மழை, ஆனாலும் உள்ளே மடித்து வைத்த துணி காய்ந்தபடிதான் இருக்கிறது. சார் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை, முன்னறையில் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார், முதலாளி எட்டிப் பார்த்து "என்ன கட்டம், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அடுத்து, 'கடைசியில் "யார்?" என்று கேட்கும் உறவு, பதிலை மருமகள்தான் சொல்ல வேண்டும் (4)'. மாமியார். அதற்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவது மேலிருந்து கீழ்: 'மனை விற்க ஆரம்பித்ததுமே குறுக்கே வந்து நிற்பவள் (3)'. மனை, அப்புறம் விற்கவின் ஆரம்பம். மனைவி. இதற்குச் சிரித்து முடித்ததும் சாருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கட்டம் போடத் தெரியாத கை எப்படி இந்த மூன்றை எழுதியது? இந்த மூன்றுக்கும் தன் மனைவி எப்படிச் சிரித்திருப்பாள்? மூக்கு வழியாகவா, வாய்விட்டா? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

விடை அந்த வெள்ளிக்கிழமையே கிடைத்தது. யாருக்கோ கண்ணாடி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் புளுகிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் மாடியில் ஊழியர்கள் சாப்பிடுகிற கூடத்துக்கு வெளியே அறிவிப்புப் பலகை. அதில் பணி நேரப் பட்டியலுக்கும் தொலைந்துபோன டிபன் பாக்ஸ் பற்றிய அறிவிப்புக்கும் நடுவில் அந்தப் புதிர் ஒட்டியிருந்தது. நாலைந்து பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடியே சார் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் அவர் மனைவி. யாரோ "அலமாரி!" என்று கத்தினார்கள். அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். இருபத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது. சாருக்கு வயிற்றில் நெருப்பைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

இதைப் போட்டது மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழவே, கீழே இறங்கி அங்கே போனார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவளைப் பார்த்து ஏமாந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏதோ பெரிய மேதாவியைக் கற்பனை செய்து வைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், களைத்த முகம், விரலில் ஊதா மை. கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. எதிரி என்று வந்து நின்றவருக்குக் கை அரித்தது.

"சீட்டு கொடுங்க சார்" என்றாள்.

"சீட்டு இல்ல. தலைவலிக்கு ஏதாவது..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐயோ, நீங்க கட்டம் சார்தானே! அக்கா போன்ல போட்டோ காட்டியிருக்காங்க. உங்க புதிர் ஒரு வாரம் விடமாட்டேன் சார். கட்டம் எப்படிப் போடறதுன்னே உங்களைப் பார்த்துத்தான் கத்துகிட்டேன்."

இதைவிடக் கேவலம் ஒருவருக்கு நேர முடியுமா? திட்ட வந்த இடத்தில் கும்பிடு. சார் அசடு வழிந்துகொண்டே, "அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கம்மா" என்றார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தளர்ந்த திருகை முடுக்கி, காதுக்குப் பின்னால் வருகிற வளைவைக் கட்டைவிரலால் சரிசெய்து கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு, "அடடா, உலகமே நேரா தெரியுது சார்" என்றாள். சாருக்கு உலகம் கோணலாகவே தெரிந்தது. தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் நிஜமாகவே தலை வலித்தது.

அதே சமயத்தில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "கட்டம் சார், வருஷச் சிறப்பிதழ் வருது. பதினஞ்சுக்குப் பதினஞ்சு, பெரிசா ஒண்ணு வேணும். முழுக்க முழுக்கச் சொல் விளையாட்டு. வாசகன் சிரிக்கணும். உங்களால முடியுமா?"

முடியுமாவா! சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊரே சிரிக்கும் சார், பாருங்க" என்றார். ஊர் சிரித்தது என்பது பிறகு நடந்த கதை.

இரண்டு வாரம் அந்தப் புதிரோடு மல்லுக்கட்டினார். காலையில் பஸ்ஸில் எழுதினார், மத்தியானம் பின்னறையில் அடித்தார். லென்ஸைத் தேய்த்துக்கொண்டே 'கடி, காரம், கடிகாரம்' என்று முணுமுணுத்தார்; ஒரு வாடிக்கையாளரின் வலக்கண் லென்ஸ் இடக்கண்ணுக்குப் போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் குறிப்புகள் வந்தன. 'கடித்தால் காரம், ஆனாலும் சுவரில்தான் மாட்டுவோம் (5)' என்று கடிகாரத்துக்கு எழுதினார். 'சிரசுக்குக் கட்டிய அணை. தண்ணீர் தேங்காது, தூக்கம் தேங்கும் (4)' என்று தலையணைக்கு எழுதினார். எல்லாவற்றிலும் அவருக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: 'வாசலில் கிடந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் படி படி என்கிறது, மிதிதான் மிச்சம் (5)'. அதை எழுதிவிட்டுத் தானே மூன்று தடவை சிரித்தார். அந்த மருந்துக்காரி இதைப் பார்த்து வாயடைத்து நிற்பதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தார். மனைவி பலகைக்கு முன்னால் சிரித்த சிரிப்பைப் பத்திரிகைக்கு முன்னால் சிரிப்பதையும் ஓட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் மேஜையைத் துடைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"எங்கே காயிதம்?"

"இந்தத் தடவை வேண்டாம். ஆசிரியரே பார்த்துக்கறாராம்."

"சிறப்பிதழ் பெரிய புதிராச்சே. ஒரு தடவை நான் பார்த்துடறேனே."

"அதான் சொன்னேனே. உனக்கு எதுக்கு வீண் சிரமம்? ஆபீஸ்லயே ஆயிரம் வேலை இருக்கும்."

'ஆபீஸ்லயே' என்பதை ஓர் அழுத்து அழுத்தினார். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் வெறும் மேஜைக்கு முன் இருந்தாள். பிறகு கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள். வலிக்கட்டும் என்றுதான் சார் அதைச் செய்தார், வலித்தது என்றும் தெரிந்தது. அதில் கிடைக்கும் என்று நினைத்த திருப்தி மட்டும் கிடைக்கவில்லை.

சிறப்பிதழ் வியாழக்கிழமை காலை வந்தது. ஒன்பது மணிக்கு ஆசிரியர் போன் செய்தார்.

"கட்டம் சார், இருபத்தாறாவது குறிப்பைக் கொஞ்சம் படிங்க."

சார் பெருமையோடு படித்தார். "வாசலில் கிடந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் படி படி என்கிறது..."

"விடை என்ன?"

"வாசற்படி" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. வாசல் குறிப்பிலேயே இருக்கிறது. படியும் இருக்கிறது, அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை. விடையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். ஒன்றையே இரண்டு வாரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் புதிர் போடுகிறவனுக்கு இது நேரும். அதற்காகத்தான் முதல் ஆள் என்று ஒருவர் வேண்டும். வேறொரு கண் அரை நிமிஷத்தில் பிடித்திருக்கும்.

மத்தியானத்துக்குள் பத்திரிகை ஆபீசுக்குப் பன்னிரண்டு போன் வந்துவிட்டது. 'கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்த தாராள மனசுக்கு நன்றி' என்று ஒருவர் சொன்னாராம். முதலாளி தன் பங்குக்கு, "கட்டம், அடுத்த தடவை மூக்குக்கண்ணாடியையும் மூக்கில் மாட்டும் கண்ணாடின்னே போட்டுடு" என்று சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் ஒரு காலைப் பொழுதில் கப்பலேறியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சிறப்பிதழ் மேஜைமேல் இருந்தது. புதிர் முழுவதும் நிரப்பியிருந்தது. இருபத்தாறாவது குறிப்பின் பக்கத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருந்ததுதான் சாருக்குத் தாங்கவில்லை.

"நீ பார்த்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது" என்றார்.

"நீங்க காட்டலையே."

"உனக்குத்தான் வேற ஆளோட புதிரைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கே!"

அவள் குழாயை மூடாமலே திரும்பினாள். "என் பையைப் பார்த்தீங்களா?"

"நீதானே சாவி எடுத்துக்கச் சொன்னே?"

"சாவியைத்தானே எடுத்துக்கச் சொன்னேன்."

பிடிபட்டவர்கள் செய்வதைச் சாரும் செய்தார்; குரலை உயர்த்தினார். "எத்தனை மாசமா நடக்குது இது? 'எப்பவும் போல முதல் ஆள்'! நான் ஒரு முட்டாள், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அடுப்பைத் துடைச்சுகிட்டு நிக்கறேன். அவ கட்டம் போடற லட்சணம் தெரியுமா உனக்கு? மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் ஒட்டு இல்ல. நாலு முட்டுச்சந்து. குறிப்பெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் புத்தகம். ஆனா..."

"ஆனா?"

"ஆனா மூணு இருக்கு. அந்த அலமாரி. அந்த மாமியார். அந்த மனை விக்கறது. அந்த மூணு மாதிரி ஒண்ணே ஒண்ணு என்னால இந்த ஜென்மத்துல எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷம் உக்காந்து எழுதியும் வரல. அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கற நேரத்துல வருது. அதைப் படிச்சுட்டு நான் சிரிச்சேன், தெரியுமா? கடையில, எல்லார் முன்னாடியும். எனக்கு வயிறு எரியுது, போதுமா?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"எதை?"

"அந்த மூணைப் பத்திச் சொன்னீங்களே, அதை."

"என்னால எழுத முடியாதுன்னு சொன்னேன். அசத்திட்டான்னு சொன்னேன். எத்தனை தடவை சொல்லணும்?"

"அந்த மூணும் நான் எழுதினது."

சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். மருந்துக்காரி ஒரு வருஷமாகப் புதிர் போடுகிறாள், ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு ஏதாவது தோணுதா அக்கா?" என்று கேட்பாள், முதல் தடவை கேட்டபோது இவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று இவள் எழுதிக் கொடுக்கிறாள். இவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்தில் சார் சந்தோஷப்பட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் சந்தோஷப்படவில்லை. அதுவரை ஓர் அன்னியப் பெண் மேல் எரிந்த வயிறு இப்போது சொந்த மனைவி மேல் எரிந்தது. கூடவே, இத்தனை நல்ல சரக்கை அவள் இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாளே என்றும் எரிந்தது.

"எனக்கு ஏன் தரல?" என்றார்.

"தந்தேனே. அலமாரியை உங்களுக்குத்தான் முதல்ல தந்தேன். ஒம்பது வருஷம் இருக்கும். உங்க காயிதத்தோட ஓரத்துல எழுதிக் கொடுத்தேன். 'இது குறிப்பு இல்ல, விடுகதை'ன்னு சொல்லி சிவப்பு மையில அடிச்சுட்டீங்க. அப்புறம் நான் எழுதல."

சார் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அது ஞாபகம் வரவில்லை. அவள் ஒன்பது வருஷம் மறக்காத ஒன்று அவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. அவள் கழுவின பாத்திரங்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த மாசப் புதிர்?" என்று கடைசியில் கேட்டார்.

"முழுக்க நான் எழுதறேன். கட்டம் மட்டும் அவ போட்டுத் தரா."

"கட்டம் நான் போட்டுத் தரேனே. ஒரு முட்டுச்சந்து இல்லாம போட்டுத் தரேன்."

"வேண்டாம்."

"சரி, முதல்ல நான் பார்க்கறேன். ஒட்டறதுக்கு முன்னாடி."

"அதுவும் வேண்டாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை; அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை. "நீங்க தப்பு இருக்கான்னுதான் பார்ப்பீங்க. அவ சிரிக்கறா. முதல் தடவை சிரிக்கற ஆள்கிட்டதான் காட்டணும்னு இருக்கு எனக்கு. உங்க புதிரை ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, பார்த்துத் தரேன். அதுல மாத்தம் இல்ல. என்னுது வேற."

மறு மாதம் முதல் தேதி சார் முதலாளியிடம் புளுகவில்லை. "என் வீட்டுக்காரி போட்ட புதிர் வந்திருக்கு, பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவருக்கு முன்னாடியே முக்கால்வாசிக் கட்டங்களை யார் யாரோ நிரப்பிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். இத்தனை பேர் அவருக்கு முந்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாகப் பொறாமை வந்தது.

அடியில் பெயர் இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் சார் இதை எழுதறது? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா" என்றார் சார். "தெரிஞ்சுக்க எனக்குத்தான் இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விடச் சொல்லி, முதல் குறிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.